‘நாளுக்கு முந்நூறு மரம் வெட்டுவேன்’: மரபுத்தொடர்களை இயந்திர மொழிபெயர்ப்பில் கையாள்வது எப்படி?

கேள்வி: மார்த்தாண்டத்திலிருந்து

அனைவருக்கும் வணக்கம். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்ப்பதும், இயந்திரம் மொழிபெயர்த்ததைத் திருத்துவதும் என் தொழில். மூன்று மாதமாக என் மேசையில் இருப்பவை குமரி மாவட்டத்து உழைப்பாளிகளின் வாய்மொழிப் பதிவுகள். ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டுபவர்கள், தேனீப் பெட்டி வைத்திருப்பவர்கள், தோவாளையில் பூக் கட்டுபவர்கள், கரையில் நின்று கரைமடி வலை இழுத்தவர்கள் எனப் பலரும் பேசியதை ஒருவர் எழுத்தாக்கி அனுப்பியிருக்கிறார். ஊதியமும் காலமும் குறைவு என்பதால், முதல் வரைவை ஒரு மொழிபெயர்ப்புச் செயலியில் எடுத்து, அதை நான் செப்பம் செய்து தர வேண்டும் என்று ஏற்பாடு.

சிரிப்பை வரவழைக்கும் பிழைகள் எனக்குத் தொல்லையே அல்ல. ‘இன்று மீன்பாடு இல்லை’, அதாவது மீன் கிடைக்கவில்லை என்றால், இன்று மீன்கள் பாட்டுப் பாடவில்லை என்ற பொருளில் ஆங்கிலம் வருகிறது. ‘சம்பந்தி வீட்டார் கை நனைக்காமல் போய்விட்டார்கள்’ என்ற வரியில், விருந்துண்ணாமல் போனார்களே என்ற மனக்குறை முழுவதும் கரைந்து, யாரோ ஈரமில்லாத கையோடு நடந்து போனதாக முடிகிறது. இவற்றைப் பார்த்ததும் எந்தத் திருத்துநரும் நின்றுவிடுவார்.

என்னைக் கலங்கவைத்தது வேறு. குலசேகரம் பக்கத்து முதியவர் ஒருவர், ‘நாளுக்கு முந்நூறு மரம் வெட்டுவேன், மழை பிடித்துக்கொண்டால் அதுவும் கிடையாது’ என்று சொல்கிறார். நம் ஊரில் ரப்பர் மரத்தை வெட்டுவது என்றால், விடியும் முன் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு போய், பட்டையை மெல்லிய சீவலாகச் சாய்வாகச் சீவி, பால் சிரட்டையில் வடியும்படி விடுவது என்று பொருள். மரம் அப்படியே நிற்கும். மறு வெட்டுக்கு அதே மரத்திடம் திரும்பி வருவார்கள். மரத்தைச் சாய்ப்பதை நாம் ‘முறிப்பது’ என்றுதான் சொல்வோம். ஆங்கில வரைவிலோ அந்தப் பெரியவர் நாள்தோறும் முந்நூறு மரங்களை வெட்டி வீழ்த்துகிறார். இலக்கணப் பிழை இல்லை, எழுத்துப் பிழை இல்லை, ஓசையிலும் குறை இல்லை. என் அப்பாவே பால் வெட்டிக் குடும்பம் நடத்தியவர். அப்படியிருந்தும் என் கண் ஆங்கிலத்தின் மேலேயே இருந்ததால், முதல் வாசிப்பில் அந்த வரியைத் திருத்தாமல் கடந்துவிட்டேன். ‘தங்கைக்காக வீடு பார்க்கப் போயிருந்தோம்’ என்பதும் அப்படியே. மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனவர்கள் ஆங்கிலத்தில் வாடகைக்கு வீடு தேடி அலைகிறார்கள்.

இப்படி நேர்த்தியாக வந்து ஏமாற்றும் தொடர்களை முன்கூட்டியே கண்டுகொள்ள வழி உண்டா? செயலியில் சொற்பட்டியல் ஏற்றும் வசதி இருக்கிறது. ‘பால் வெட்டு’ என்று ஏற்றினேன். ‘பால் வெட்டினேன்’, ‘பால் வெட்டப் போகாத நாள்’ என்று வந்த இடங்களில் அது வேலை செய்யவில்லை. இப்படிப்பட்ட தொடர்களை எல்லாம் முதலில் எளிய தமிழாக மாற்றி எழுதிவிட்டு, பிறகு இயந்திரத்திடம் கொடுப்பது முறையா என்பதையும் அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டும்.


மறுமொழி 1: நாகர்கோவிலிலிருந்து

தங்கைக்கு வணக்கம். கல்லூரியில் இலக்கணம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். கணினியைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை. தமிழ்ப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

மரபுத்தொடர் என்றதும் பலர் பழமொழிப் பட்டியலைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். பழமொழி முழு வாக்கியமாக, பெரும்பாலும் உருமாறாமல் வருவது. அதைப் பிடிப்பது எளிது. ‘விழுந்து விழுந்து படித்தான்’, ‘அக்கம் பக்கம்’ போன்ற அடுக்குகளும் இணைமொழிகளும்கூடப் பெரிய சிக்கல் தருவதில்லை. உண்மையான சிக்கல், பெயரும் வினையும், அல்லது வினையும் வினையும், ஒட்டி ஒரே வினையாகிவிட்ட தொடர்களில் இருக்கிறது. கை என்ற ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: கைவிடு, கைகொடு, கைகூடு, கைகழுவு, கைவை, கைநீட்டு. ஒவ்வொன்றும் காலம், இடம், பால், எச்சம், எதிர்மறை என நூற்றுக்கணக்கான வடிவங்களில் வரும். அவற்றுள் பலவற்றுக்கு நேர்பொருளும் உயிரோடு இருக்கிறது. ‘சாப்பிட்டுக் கைகழுவினான்’ என்பதில் வரும் கைகழுவலும், ‘கடைசி நேரத்தில் கைகழுவினான்’ என்பதில் வரும் கைகழுவலும் எழுத்தில் ஒன்றுதான்.

இடைவெளி இன்னொரு தொல்லை. ‘கண்டுபிடித்தான்’ என்று சேர்த்து எழுதினால் ஒரு வினை. ‘கண்டு பிடித்தான்’ என்று பிரித்தால் பார்த்துப் பற்றினான் என்றும் கொள்ளலாம். ‘காட்டிக்கொடுத்தான்’ என்பதும் அப்படியே. வழி காட்டிக்கொடுத்தவனும் உண்டு, பகைவனிடம் காட்டிக்கொடுத்தவனும் உண்டு. பேச்சை எழுத்தாக்கியவர் இந்த இடைவெளிகளை எந்தக் கொள்கையில் இட்டார் என்று கேட்டீர்களா? பெரும்பாலும் கொள்கையே இருந்திருக்காது, கை போன போக்கில் எழுதியிருப்பார். முதலில் அதை ஒழுங்கு செய்யுங்கள்.

ஒரு தொடர் இறுகியதா, இளகியதா என்று அறிய வகுப்பில் ஒரு சோதனை சொல்லிக்கொடுப்பேன். பெயருக்கு முன் ஓர் அடையைச் செருகிப் பாருங்கள். ‘கம்பி நீட்டினான்’ என்றால் நழுவி ஓடினான். ‘துருப்பிடித்த கம்பியை நீட்டினான்’ என்றதும் கையில் உண்மையான இரும்புக் கம்பி வந்துவிடுகிறது. அடை தாங்காத தொடர் இறுகிய தொடர். இந்தச் சோதனை எப்போதும் நிற்கும் என்றும் நம்பிவிட வேண்டாம். ‘அல்வா கொடுத்தான்’ என்பதில் ‘நல்ல’ சேர்த்தால், ஏமாற்று இன்னும் பெரிதாகிறதே ஒழிய, தின்பண்டமாக மாறுவதில்லை. ‘திருநெல்வேலி’ சேர்த்தாலோ இரண்டு பக்கமும் சாயும்.

நீங்கள் சொன்ன ‘மரம் வெட்டுவேன்’ மரபுத்தொடர் அன்று. நன்னூலார் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக வகுத்தார். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதைக் குழூஉக்குறிக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். குழூஉக்குறியில் பிறர் அறியாமல் மறைக்கும் நோக்கம் உண்டு. பால் வெட்டுபவரோ எதையும் மறைக்கவில்லை. தம் தொழிலில் வேறு எந்த வெட்டும் இல்லாததால், ‘பால்’ என்ற சொல்லை விட்டுவிட்டுப் பேசுகிறார். ஆகவே இதைத் தொழில்வழக்கு என்று தனியே வைத்துக்கொள்ளுங்கள். சொற்கள் பொதுச் சொற்களாக இருப்பதால், இவை மரபுத்தொடர் அகராதி எதிலும் அகப்படாது.

சாவு போன்றவற்றை நல்ல சொல்லால் சொல்லும் மங்கலத்தையும் ஒரு தடவை சரிபாருங்கள். ‘காலமானார்’, ‘இயற்கை எய்தினார்’ ஆகியவற்றை இயந்திரம் கற்றிருக்கக்கூடும். நம் மாவட்டத்துச் சுவரொட்டிகளில் காணும் ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்பதற்குச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பே சரியான ஆங்கில வழக்காக அமைகிறது. இரண்டு மொழிகளும் ஒரே விவிலிய ஊற்றிலிருந்து மொண்டவை. நேர்மொழிபெயர்ப்பு என்றாலே தவறு என்று எண்ணித் திருத்திவிடாதீர்கள்.


மறுமொழி 2: தக்கலையிலிருந்து

அக்கா, நான் திருவனந்தபுரத்தில் மொழிக் கணிமைத் துறையில் வேலை செய்கிறேன். ஐயா விட்ட இடத்திலிருந்து கணினிப் பக்கத்தைச் சொல்கிறேன்.

1954 ஜனவரி 7 அன்று நியூயார்க்கில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகமும் ஐபிஎம் நிறுவனமும் ரஷ்ய வாக்கியங்களைக் கணினியால் ஆங்கிலத்துக்குப் பெயர்த்துக் காட்டின. இருந்தவை 250 சொற்களும் 6 விதிகளும் மட்டுமே. காட்டப்பட்ட அறுபதுக்கு மேற்பட்ட வாக்கியங்களும் முன்பே தேர்ந்தெடுக்கப்பட்டவை. சொல்லுக்கு ஒரு பொருள், அவற்றை அடுக்க ஒரு விதி என்ற அந்த அடிப்படையில் மரபுத்தொடருக்கு இடமே இல்லை. 2003 வாக்கில் வேரூன்றிய தொடர்வழிப் புள்ளியியல் முறை, இந்த ஒரு விஷயத்தில் நமக்கு ஓரளவு சாதகமாக இருந்தது. ஒரே வாக்கியம் இரு மொழியிலும் உள்ள இணைத்தரவில் அடுத்தடுத்து வரும் சொற்களை ஒரு கட்டாகவே அது மனப்பாடம் செய்துகொள்ளும். ‘பால் வெட்டு’ என்ற கட்டு தரவில் நாலைந்து இடங்களில் சரியாகப் பெயர்க்கப்பட்டிருந்தால் போதும். நடுவில் ஒரு சொல் புகுந்தால் கட்டு அவிழ்ந்துவிடும் என்பது அதன் குறை.

இன்று புழங்குபவை 2017இல் வந்த டிரான்ஸ்ஃபார்மர் என்ற நரம்பிணைய வடிவமைப்பைச் சேர்ந்தவை. அவற்றில் எடுத்துப் பார்க்கத்தக்க பட்டியல் எதுவும் கிடையாது. சொற்களையும் அவை முழுதாக எடுத்துக்கொள்வதில்லை. அடிக்கடி வரும் எழுத்துக்கோவைகளாகச் சில்லு சில்லாக உடைத்துக்கொள்கின்றன. ‘பால்வெட்டு’ என்று சேர்த்து எழுதியதும் ‘பால் வெட்டு’ என்று பிரித்து எழுதியதும் வேறு வேறு சில்லுகளாக உள்ளே போகக்கூடும் என்பதால், இடைவெளியை ஒழுங்கு செய்யுங்கள் என்று ஐயா சொன்னது இலக்கணத்துக்கு மட்டுமல்ல, இயந்திரத்துக்கும் பொருந்தும்.

இந்த மொழிபெயர்ப்பு மாதிரிகளின் உள்ளே என்ன நடக்கிறது என்று வெர்னா டாங்கர்ஸ், கிறிஸ்டோபர் லூகாஸ், இவான் டிடோவ் ஆகியோர் 2022இல் ஆராய்ந்தார்கள். ஆங்கிலத்திலிருந்து ஏழு ஐரோப்பிய மொழிகளுக்குப் போகும் மொழிபெயர்ப்பு அது; தமிழ் அதில் இல்லை. மரபுத்தொடருக்கு நேர்பொருள் தராமல் உரிய பொருளை இயந்திரம் தந்த இடங்களில், மூல வாக்கியத்தைப் படிக்கும் பகுதி அந்தத் தொடரின் சொற்களை ஒன்றோடொன்று நெருக்கமாகப் பிணைத்து, ஒரே அலகைப் போல நடத்தியது தெரியவந்தது. அந்தப் பிணைப்பு இறுகாத இடங்களில் சொல்லுக்குச் சொல் வந்தது. பொதுவாக இந்த இயந்திரங்கள், பகுதிகளின் பொருளைக் கூட்டி முழுமையின் பொருளை அடையும் பழக்கத்தின் பக்கமே அதிகம் சாய்கின்றன. ஆகவே, பயிற்சித் தரவில் போதிய தடவை வராத தொடர் நேர்பொருளாகவே வெளிவரும்.

நம் தொடர்கள் தரவில் எத்தனை தடவை வந்திருக்கும்? 2021இல் வெளியான ‘சமானந்தர்’ தொகுப்பில் ஆங்கிலத்தோடு 11 இந்திய மொழிகள் இணைந்த வாக்கிய இணைகள் ஏறத்தாழ 4.97 கோடி உண்டு. இணையத்தில் கிடைப்பதைத் திரட்டிய தொகுப்பு என்பதால், செய்தித் தமிழும் அறிவிப்புத் தமிழும் அதில் பெருகிக் கிடக்கும்; குலசேகரத்துப் பெரியவரின் பேச்சை அங்கே எதிர்பார்க்க முடியாது. இயந்திரங்களின் தரத்தை அளக்கும் சோதனைத் தாள்களும் இதைக் காட்டிக்கொடுப்பதில்லை. பல மொழிகளுக்கும் பொதுவாகப் பயன்படும் ஃப்ளோரஸ் சோதனைத் தொகுப்பின் 3001 வாக்கியங்களும் விக்கிச் செய்தி, விக்கிப் பயணம், சிறுவர்க்கான விக்கி நூல்கள் ஆகியவற்றிலிருந்து எடுத்தவை. அங்கே யாரும் யாருக்கும் கம்பி நீட்டுவதில்லை. 2002 முதல் புழங்கும் ப்ளூ என்ற தர மதிப்பெண்ணும், மனிதர் செய்த மாதிரி மொழிபெயர்ப்போடு எத்தனை சொற்கோவைகள் ஒத்துப்போகின்றன என்றுதான் எண்ணுகிறது. நூறு வாக்கியங்களில் ஒரு ‘வெட்டு’ தவறிப்போனால் மதிப்பெண் அசைவதே இல்லை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஆங்கில வரைவைத் திறப்பதற்கு முன், தமிழை மட்டும் படித்து, ஐயத்துக்குரிய தொடர்களை அடிக்கோடிட்டு வையுங்கள். ஆங்கிலத்தைப் பார்த்த கண் அதன் சரளத்துக்கு மயங்கிவிடும். அது உங்கள் குறை அல்ல, திருத்தும் தொழிலில் உள்ள எல்லோருக்கும் நேர்வது. பிறகு, பிரதியில் ஒரு நகல் எடுத்து, அதில் மட்டும் ‘வெட்டுவேன்’ என்பதை ‘ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுப்பேன்’ என்று விரித்து எழுதி, அந்த நகலை இயந்திரத்துக்குக் கொடுங்கள்.

அதற்கு மேல் ஒரு தடைப்பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். தமிழ் வரியில் ரப்பர் அல்லது மரம் வந்து, வெட்டு என்ற வினையும் வந்து, ஆங்கில வரியில் மரத்தை வீழ்த்தும் பொருளுள்ள வினை இருந்தால், அந்த வரி சிவப்பாக வேண்டும். 2023இல் மரபுத்தொடர்ப் பிழைகளை அளக்க இதே போன்ற தடைப்பட்டியல் முறையை ஆய்வாளர்கள் முன்வைத்தார்கள். சரியான விடைகள் எத்தனையோ இருக்கலாம். வரவே கூடாத சொற்கள் சிலவே என்பதால் இது எளிது.

சொற்பட்டியல் வேலை செய்யாததற்குக் காரணம் விகுதிகள். தேடலில் ‘வெட்டு’ என்று இடாமல் ‘வெட்ட’ என்று இடுங்கள். யூனிகோடில் உயிர்க்குறி மெய்க்குப் பின் தனிக் குறியாக நிற்பதால், பெரும்பாலான தேடல் கருவிகளில் ‘வெட்ட’ என்ற கோவை வெட்டு, வெட்டி, வெட்டினேன், வெட்டாத ஆகிய எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளும். வா, தா போன்று அடியே மாறும் வினைகளுக்கு இந்தக் குறுக்குவழி உதவாது. அவற்றுக்கு சொல்லை அடியும் விகுதியுமாகப் பிரித்துக் காட்டும் ‘தமிழிமார்ஃப்’ போன்ற உருபனியல் பகுப்பி வேண்டும்.

அரட்டைச் செயலிகளுக்கு அடிப்படையான பெரிய மொழி மாடல்களையும் முயன்று பாருங்கள். 2023இல் வந்த ஓர் ஒப்பாய்வு, ஜிபிடி வகை மாடல்கள் வழக்கமான மொழிபெயர்ப்பு இயந்திரங்களைவிடக் குறைவாகவே சொல்லுக்குச் சொல் பெயர்க்கின்றன என்றும், மரபுத்தொடர் உள்ள வாக்கியங்களில் அந்த வேறுபாடு கூடுகிறது என்றும் கண்டது. பேசுபவர் ரப்பர் பால் வெட்டுபவர் என்று ஒரு வரி முன்னே சொல்லிவிட்டுக் கேட்டால், முந்நூறு மரமும் தப்பித்துவிடும்.


மறுமொழி 3: குளச்சலிலிருந்து

அக்காவுக்கு வணக்கம். நான் பள்ளி ஆசிரியை. பிறந்த வீடும் புகுந்த வீடும் கடல் தொழில் செய்யும் வீடுகள். தக்கலைத் தம்பி சொன்னவற்றுள் பெரும்பகுதியை ஏற்கிறேன். கடைசியில் சொன்னதில்தான் எனக்கு அச்சம் இருக்கிறது.

இயந்திரம் மரபுத்தொடரைக் கற்றுக்கொள்ளவில்லை என்பதே எல்லோருடைய குறையாகவும் இருக்கிறது. நன்றாகக் கற்றுக்கொண்டுவிட்டால் என்ன ஆகும் என்று யாராவது யோசித்தீர்களா? ‘கரை சேர்’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். உள்நாட்டுத் தமிழில் அதற்குப் பெரும்பாலும் உருவகப் பொருள்தான்: மூன்று பெண்களையும் கரை சேர்த்துவிட்டேன், கடனிலிருந்து கரை சேர்ந்தேன், படித்துக் கரை சேர்ந்துவிட்டான். எங்களுக்கும் அந்தப் பொருள் உண்டு. ஆனால் 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அடித்த பிறகு, எங்கள் கரையில் ‘அவர் கரை சேரவில்லை’ என்று ஒரு பெண் சொன்னால், அவருடைய கணவர் வாழ்க்கையில் முன்னேறவில்லை என்று பொருள் அல்ல. அவர் போன வள்ளம் திரும்பவில்லை என்று பொருள்.

மரபுத்தொடர் நன்கு அறிந்த ஒரு மாடலிடம் இப்படி ஒரு வரியை நானே கொடுத்துப் பார்த்தேன். அவர் வாழ்க்கையில் நிலைபெறவில்லை என்ற பொருளில் அழகான ஆங்கிலம் வந்தது. சொல்லுக்குச் சொல் பெயர்க்கும் பழைய செயலியோ, கரையை அடையவில்லை என்று சரியாகவே சொன்னது. கெட்டிக்கார இயந்திரம் செய்த பிழை எது என்று, மூலம் தெரியாத வாசகர் ஒருநாளும் கண்டுபிடிக்க மாட்டார். உங்கள் முந்நூறு மரத்துக்கும் இதற்கும் திசைதான் வேறு.

ஆகவே உங்கள் பட்டியலில் ஒவ்வொரு தொடருக்கும் எதிரே பொருளை மட்டும் எழுதினால் போதாது. இதற்கு நேர்பொருள் உண்டா, அந்த நேர்பொருள் யாருடைய வாயில் வரும் என்றும் ஒரு கட்டம் வேண்டும். ‘மூழ்கிப்போனான்’ என்பதற்கும், ‘வலையில் விழுந்தது’ என்பதற்கும், ‘அலை ஓய்ந்த பிறகு’ என்பதற்கும் கடற்கரைக்காரர் பேச்சில் இந்தக் கட்டத்தை நிரப்பியே ஆக வேண்டும். உருவகம் என்று மற்றவர்கள் பயன்படுத்துபவை எங்களுக்கு அன்றாடம்.

இன்னொன்று. எளிய தமிழாக விரித்து எழுதிவிட்டு மொழிபெயர்ப்பது, வங்கிப் படிவத்துக்குச் சரி; வாய்மொழிப் பதிவுக்கு எல்லா இடத்திலும் சரியென்று சொல்ல மாட்டேன். ‘கை நனைக்காமல் போனார்கள்’ என்பதை ‘சாப்பிடாமல் போனார்கள்’ என்று மாற்றினால் செய்தி போய்ச்சேரும், மனத்தாங்கல் போய்ச்சேராது. ஒரு வீட்டில் கை நனைப்பது அந்த வீட்டோடு உறவு கொள்வதற்கு அடையாளம் என்பதை ஆங்கில வாசகருக்கு ஒரு சிறு விளக்கத்தோடு கொடுத்துவிட்டு, கையையும் நீரையும் அப்படியே வைத்துக்கொள்ளலாமே. ‘பாடு’ என்ற சொல்லை மட்டும் தயங்காமல் விரித்து எழுதுங்கள். கிடைத்த மீனுக்கும் பாடு, பட்ட துன்பத்துக்கும் பாடு. எங்கள் ஊரில் இரண்டும் ஒரே வாக்கியத்தில் வரும்.


மறுமொழி 4: களியக்காவிளையிலிருந்து

சுருக்கமாக ஒன்று. கேரள எல்லையை ஒட்டி, மலையாளம் கலந்து பேசும் விளவங்கோடு பக்கத்தில் பேசியவர்களின் பதிவுகளைத் தனியே பிரித்து வையுங்கள். எங்கள் அம்மா ‘கிணற்றில் வெள்ளம் கோரினேன்’ என்றுதான் சொல்வார். தண்ணீர் இறைத்தேன் என்று பொருள். செயலி இதைப் பெருவெள்ளம் வேண்டும் என்று கிணற்றிடம் விண்ணப்பித்ததாகப் பெயர்க்கிறது. இப்படிப்பட்ட வரிகளை மலையாளத்துக்குப் பெயர்த்துப் பார்த்தால் பொருள் தெளியும் என்று நினைத்தேன். பல செயலிகள் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து மலையாளத்துக்கு வருவதால், ஆங்கிலத்தில் விழுந்த பிழை அப்படியே கூட வந்துவிடுகிறது. ஐஐடி மெட்ராஸில் உள்ள ஏஐ4பாரத் 2023இல் வெளியிட்ட இண்டிக்டிரான்ஸ்2 தொகுப்பில், ஆங்கிலத்தைத் தொடாமல் இந்திய மொழிகளுக்கு இடையே நேராகப் பெயர்க்கும் மாதிரி உண்டு. சோதித்துப் பார்க்க அது பரவாயில்லை.


கேள்வி கேட்டவரின் மறுமொழி: மார்த்தாண்டத்திலிருந்து

ஐயாவுக்கும், தம்பிக்கும், குளச்சல் தங்கைக்கும், களியக்காவிளை நண்பருக்கும் நன்றி. இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். பட்டியல் போட்டு முடிக்க அவ்வளவு நாள் ஆயிற்று.

முதலில் இடைவெளிகளை ஒழுங்கு செய்தேன். எழுத்தாக்கியவர், ஐயா சொன்னபடியே, ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதியிருந்தார். அடுத்து, ஆங்கிலக் கோப்பை மூடிவைத்துவிட்டுத் தமிழை மட்டும் படித்து அடிக்கோடிட்டேன். அகராதியில் உள்ள மரபுத்தொடர்களைவிட, தொழில்வழக்காக இருந்தவையே கூடுதல்: மரம் வெட்டு, ஷீட் அடி (உறைந்த ரப்பர் பாலைத் தகடாக்குவது), மடி இழு, பெட்டி வை, மாலை கட்டு. பெட்டி வைத்தேன் என்று தேனீ வளர்ப்பவர் சொன்னது, எங்கோ ஒரு பெட்டியைக் கொண்டுபோய் வைத்ததாக ஆங்கிலத்தில் இருந்திருக்கிறது. அதையும் நான் கவனிக்காமல் விட்டிருந்தேன். ‘வெட்ட’ என்று தேடும் உத்தி பலித்தது. ‘கொட’ என்று தேடியபோது கொடுத்தலோடு தேனீ கொட்டியதும் வந்து சேர்ந்தது. அந்தப் பதிவுகளில் அது கொஞ்சம் அதிகம்தான்.

விரித்து எழுதும் முறையைத் தொழில்வழக்குகளுக்கு மட்டும் வைத்துக்கொண்டேன். உறவும் உணர்வும் தொட்ட தொடர்களை நானே மொழிபெயர்த்தேன். கையையும் நீரையும் விட்டுவைத்திருக்கிறேன். குலசேகரத்துப் பெரியவர் இப்போது ஆங்கிலத்தில் முந்நூறு மரங்களில் பால் எடுக்கிறார், மரங்கள் நிற்கின்றன.

‘கரை சேர்’ ஏழு இடங்களில் வந்திருந்தது. ஐந்து இடங்களில் பெண்களுக்குத் திருமணம் முடித்ததையும் கடன் அடைத்ததையும் பற்றிய பேச்சு. ஓர் இடத்தில் வள்ளம் கவிழ்ந்து நீந்தி வந்த கதை. கடைசி ஒன்றுதான் பிடிபடவில்லை. வயதான தாய் ஒருவர் தம் மூன்று மகன்களைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்து, ‘மூத்தவன் கரை சேரவில்லை’ என்கிறார். அதற்கு முன் உள்ள பத்தி அவனுடைய படிப்பையும் வேலையின்மையையும் பற்றியது. புயல் என்ற சொல் இரண்டு பக்கம் தள்ளித்தான் வருகிறது. மாடல் அதை உருவகமாகவே எடுத்துக்கொண்டது. நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

குளச்சல் தங்கை எழுதியதைப் படித்த பிறகு, மூல ஒலிப்பதிவைக் கேட்டு வாங்கி அந்த இடத்தை மட்டும் கேட்டேன். அந்த வரிக்குப் பின் நெடுநேரம் பேச்சில்லை. பிறகு மிகத் தாழ்ந்த குரலில், ‘மற்ற இரண்டு பேரும் மறுநாள் வந்தார்கள்’ என்கிறார். எழுத்தாக்கத்தில் அந்த வரி விடுபட்டிருந்தது. அதைச் சேர்த்துவிட்டு, மூத்தவன் கடலிலிருந்து திரும்பவில்லை என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறேன். மற்ற ஆறு இடங்களின் ஒலிப்பதிவையும் அனுப்பும்படி கேட்டிருக்கிறேன்.